கோவை கணபதியில் வாங்கிய வீடு, வாடகை வரவில்லை – அவசரம்

புதுச்சாவி:
வீடு வாங்கி மூன்று மாதம் ஆகிறது, குடியிருப்பவர் ஒரு பைசா தரவில்லை. போன் செய்தால் "கொடுத்துட்டேனே சார்" என்கிறார், அப்புறம் எடுப்பதே இல்லை. லோன் தவணை 27,000 என் கையிலிருந்து போகிறது. எப்படிக் காலி செய்ய வைப்பது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மாடிப்படி:
வாடகை எவ்வளவு? அக்ரிமென்ட் இருக்கிறதா? அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது?

செங்கல்சூளை:
இதெல்லாம் விசாரித்துக்கொண்டு இருந்தால் வருடம் ஓடிவிடும். ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், இரண்டே நாளில் பணம் வரும். என் மாமா அப்படித்தான் வாங்கினார்.

வில்லங்கம்பார்:
15 வருடமாக வாடகைக்கு விடுகிறேன், அதனால் சொல்கிறேன். புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பத்திரப்பதிவு அன்று போட்டோ எடுக்கத் தெரிகிறது, சட்டம் படிக்க நேரமில்லை. வாடகைக்கு 2017-ல் தனிச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. கரண்ட், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. இரண்டு மாத பாக்கி நின்றால் நோட்டீஸ் அனுப்பலாம். கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் மொத்தமாகக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் சொல்லி வெளியேற்ற முடியாது. கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றம்.

செங்கல்சூளை:
அதே சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது. நீங்கள் எத்தனை மாதம் வாங்குகிறீர்கள்?

வில்லங்கம்பார்:
"வேறு ஒப்பந்தம் இல்லையென்றால்" என்று அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது, முழுதாகப் படியுங்கள்.

வாடகைக்காரன்:
அந்த ஒரு வரியை வைத்துத்தான் சென்னையில் பத்து மாதம் வாங்குகிறார்கள். நான் காலி செய்தபோது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்தார்கள், சுவரில் நான் அடித்தது காலண்டருக்கு ஒரே ஒரு ஆணி.

செங்கல்சூளை:
பெயிண்ட் கழிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

வாடகைக்காரன்:
எல்லா ஊரிலும் இருந்தால் நியாயம் ஆகிவிடுமா? நான்கு வருடம் இருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும்.

புதுச்சாவி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். வாடகை 11,000. அட்வான்ஸ் 50,000 பழைய ஓனரிடம் இருக்கிறது, அக்ரிமென்ட்டும் அவர் போட்டதுதான், என்னிடம் காப்பி இல்லை. ஆள் குடியிருக்கும்போதே வாங்கினேன், இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மாடிப்படி:
தம்பி, முதலில் சொல்லவேண்டியதே இதுதான். வீடு கைமாறியதை அவருக்கு எழுத்தில் யாராவது சொன்னீர்களா? சொத்து மாற்றுச் சட்டம் 109-வது பிரிவைப் பாருங்கள். விற்றது தெரியாமல் அவர் பழைய ஓனருக்கே வாடகை கொடுத்திருந்தால், அதே மாதத்துக்கு உங்களுக்கு இன்னொரு முறை தரவேண்டியதில்லை. "கொடுத்துட்டேனே" என்றாரே, யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டீர்களா? ஈரோட்டில் நான் வாங்கிய வீட்டில் இதே கதைதான். அந்த அம்மா ரசீது நோட்டை எடுத்து வந்து காட்டினார், மாதாமாதம் பழைய ஓனரின் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் மை கூடக் காயவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பத்திர நகலோடு நேரில் போங்கள். இந்தத் தேதியிலிருந்து ஓனர் நான், வாடகை இந்தக் கணக்குக்கு என்று கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும். புது அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸை விலையிலேயே கழித்துப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். காலி செய்யும் நாளில் அவர் உங்களிடம்தான் 50,000 கேட்பார்.

வில்லங்கம்பார்:
வாங்கும் முன் குடியிருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

வாடகைக்காரன்:
பேசவேண்டியது விற்றவரும்தான். வீட்டை விற்றதைக்கூட எங்களிடம் சொல்வதில்லை.

புதுச்சாவி:
நேரில் போனேன். மூன்று மாதமும் பழைய ஓனருக்கு ஜிபேயில் போயிருக்கிறது, தேதியோடு காட்டினார். என் நம்பரை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து எடுக்கவில்லையாம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய ஓனர்தான் இப்போது போனை எடுக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மாடிப்படி:
கிரயத் தேதிக்குப் பிறகு வந்த வாடகை உங்களுடையது, அந்த 33,000-த்தை விற்றவர்தான் தரவேண்டும். ஜிபே விவரத்தை இன்றே வாங்கி வைத்துக்கொண்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். அட்வான்ஸ் பற்றி ஏதாவது பேசினீர்களா?

மாடிப்படி:
தம்பி?