மஞ்சள் எண்ணெய் பாதியில் நின்றுவிடுகிறது: சூப்பர்கிரிட்டிக்கல் முறை தெரிந்தவர்கள் உதவவும்

ஈரோட்டில் மஞ்சள் எண்ணெய் எடுக்கிறோம். கரைப்பானாக சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்ஸைடு (அதிக அழுத்தத்தில் வாயு போலப் பரவி, திரவம் போல எண்ணெயைக் கரைக்கும் நிலை), 5 லிட்டர் பாத்திரம், 300 பார் அழுத்தம், 45 டிகிரி. துகள் 0.5 முதல் 0.8 மி.மீ., ஈரம் 10 சதவீதம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாக வருகிறது. அப்புறம் சொட்டுச் சொட்டாகி நின்றே போகிறது. ஆனால் சக்கையில் பெரிய துகளை நகத்தால் உடைத்தால் இன்னும் வாசனை தூக்குகிறது. சக்கையின் நிறத்தை வைத்துச் சொல்லவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் இந்த வாயுவில் கரைவதே அபூர்வம்.

வாயு ஓட்டத்தைக் கூட்டினோம், செலவுதான் கூடியது. 350 பாருக்கு ஏற்றினோம், அதே கதை. ஆக, கரைதிறன் பிரச்சினை இல்லை. துகளுக்குள்ளிருந்து எண்ணெய் வெளியே பரவி வருவதில்தான் தாமதம் என்று நினைக்கிறேன். சரி, நைசாக அரைப்போம் என்று 0.2 மி.மீ.க்குக் கொண்டுபோனால் தூள் கட்டிதட்டிவிட்டது. திறந்து பார்த்தால் வாயு நடுவில் ஒரு பாதை போட்டுக்கொண்டு போயிருக்கிறது, சுவரோரத் தூளில் வாசனை அப்படியே இருக்கிறது. கூடுதலாகக் கரைக்க எத்தனால் சேர்க்க வழியில்லை, வாங்குபவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நைஸ் தூளை பெல்லெட்டாக (சிறு உருண்டைகளாக) அழுத்திப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அதில் ஓட்டம் அடைபடாமல் மிச்ச எண்ணெயும் வந்ததா?