மறு: மறு: சர்க்கம்வென்ஷன் டூலுக்குத் தமிழில் என்ன சொல்? (அவசரம்)

தேன்மொழி எழுதியது:

வணக்கம். செய்தியாளர்களுக்கான இணையப் பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முடக்கப்பட்ட தளங்களைத் திறக்க உதவும் வி.பி.என்., டார், சைஃபன் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் 'சர்க்கம்வென்ஷன் டூல்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'தடைமீறல் கருவி' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த வழக்கறிஞர் அடித்துவிட்டார். "தடையை மீறி ஊர்வலம், பலர் கைது என்றுதானே நாளிதழில் வரும்? பெயரிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வானேன்" என்கிறார். வேறு சொல் தாருங்கள்.

இளமாறன் எழுதியது:

அம்மா தேன்மொழி, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஆக்க வேண்டும்? சுருங்கை! சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் சுருங்கை வீதி வழியாகத்தானே மதுரைக்குள் போகிறான்? சுருங்கு என்னும் வினையடி, ஐ ஈறு. ஒடுங்கிச் செல்லும் வழி. தூய தமிழ். 'சுருங்கைச் செயலி' என்று எழுதுங்கள்.

பாத்திமா எழுதியது:

ஐயா, வடமொழி 'சுருங்கா'வே கிரேக்கத்துச் 'சிரிங்க்ஸ்' (குழாய்) என்பதிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அர்த்தசாஸ்திரத்தின் காலத்தைக் கணிக்க இந்தச் சொல்லைச் சான்று காட்டுவதும் உண்டு.

அது கிடக்கட்டும். எனக்குப் பொருளில்தான் சிக்கல். வி.பி.என்.னில் தரவு பூட்டப்பட்டுச் செல்லும் வழியான டனலுக்குச் சுருங்கை பொருந்தும், டாருக்குப் பொருந்தாது. டாரில் போக்குவரத்து மூன்று கணுக்கள், அதாவது இடைக் கணினிகள், வழியாகப் போகும். முதல் கணுவுக்கு நீங்கள் யார் என்று தெரியும், கடைசிக் கணுவுக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே கணுவுக்குத் தெரியாது. இது மறைக்கிற வேலை. ஆனால் அந்தக் கணுக்களின் பட்டியல் பொதுவில் இருப்பதால் அரசு எளிதாக முடக்கிவிடும். அதற்காகத்தான் பட்டியலில் இல்லாத 'பாலம்' என்னும் கணுக்களும், தன்னார்வலர்களின் உலாவி வழியாகப் போகும் ஸ்னோஃபிளேக்கும். இது தாண்டுகிற வேலை. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் படிப்பவர் ஏமாறுவார்.

இளமாறன் எழுதியது:

அரிசிதான் கிரேக்கத்தில் 'ஒரைசா' ஆயிற்று என்று சொல்வார்களே? சுருங்கை போய்ச் 'சிரிங்க்ஸ்' ஆகியிருக்கும். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பூட்டி அனுப்பும் டாரின் 'ஆனியன் ரூட்டிங்'குக்கும் சொல் வைத்திருக்கிறேன்: உள்ளித் திசைவித்தல். 'வெங்காயம்' என்று எழுதினால் ஈரோட்டுப் பெரியார் திட்டுவது போலிருக்கிறது.

நிமலன் எழுதியது:

ஐயா, யாழ்ப்பாணத்தில உள்ளி எண்டால் பூண்டு. வெங்காயம் வேற.

பாத்திமா சொன்னதுதான் சரி. 2022 ஏப்ரல் 3 இலங்கையில சமூக ஊடகங்களை முடக்கினபோது எங்கட அம்மம்மாவே வி.பி.என். போட்டவ. முகநூல் திறந்ததும் "இனி ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு சனம் நினைச்சது. தெரியாமல் என்ன? இணைய நிறுவனத்துக்குத் தெரியாதது வி.பி.என். நடத்துறவனுக்குத் தெரியும். இலவசச் செயலி எண்டால் இன்னும் கவனமா இருக்கோணும்.

பாத்திமா எழுதியது:

பூண்டையும் விட்டுவைக்கவில்லை, நிமலன். டார் போன்ற ஐ2பி வலையமைப்பில் 'கார்லிக் ரூட்டிங்' என்றே ஒன்று இருக்கிறது. உள்ளியை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் இதே கதைதான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, வி.பி.என். நிறுவனங்களை வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. சில நிறுவனங்கள் சர்வர்களையே இங்கிருந்து எடுத்துக்கொண்டு போயின. ஆகவே பெயரில் 'மறை' வரவே கூடாது. என் பரிந்துரை: தடைதாண்டுக் கருவி.

இளமாறன் எழுதியது:

தாண்டு கருவி வினைத்தொகை. க் மிகாது. இதுகூடத் தெரியாமல் கலைச்சொல் ஆக்க வந்துவிட்டோம்.

தேன்மொழி எழுதியது:

ஒற்றை எடுத்துவிட்டேன் ஐயா. 'புறவழிக் கருவி' என்று இன்னொருவர் தனிமடலில் சொன்னார். எனக்குச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வந்தது. 'தடைதாண்டு கருவி'யைக் கேட்டால் என் மகளுக்கு விளையாட்டு விழாத் தடை ஓட்டம் நினைவுக்கு வருகிறதாம், வரட்டும். மூவர் சம்மதித்தாயிற்று, அதையே போடுகிறேன். மறைக்கும் வேலைக்குத் தனியாக 'அடையாளமறைப்பு'. டனலுக்குச் 'சுருங்கை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு முறை வரும், ஐயாவுக்காக.

இளமாறன் எழுதியது:

அடைப்புக்குறி வேண்டாம், அம்மா. ஒன்று நேராகப் போடுங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். 'சிரிங்க்ஸ்' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.