கட்புல இனங்காணலுக்கு முன்னால் இன்னொரு சொல் வேண்டும்

அன்பின் நண்பர்களுக்கு,

வேகமாகப் பறக்கும்போது மற்ற விமானத்தைக் கண்ணால் பார்த்து அறிவதற்கு (ஆங்கிலத்தில் visual identification) தமிழில் "கட்புல அடையாளங்காணல்" என்ற ஒரே சொல் போதும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஏதோ வருகிறது என்று முதலில் காண்பது ஒன்று. அது என்ன விமானம், ஆருடையது என்று அறிவது மற்றது. மோதாமல் தப்புவது முதலாவதில்தான்.

மணிக்கு 250 கடல்மைல் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 257 மீட்டர் நெருங்குகின்றன. கண்டு, விளங்கி, முடிவெடுத்து, விமானம் திரும்பி முடிய 12.5 செக்கன் வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டிக் கணக்கு. அதற்குள் 3.2 கிலோமீட்டர் போய்விடும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 விமானத்தின் 27 மீட்டர் இறக்கை, அந்தத் தூரத்தில் முழுநிலவின் அகலத்துக்குத்தான் தெரியும். உடல் அதிலும் மிகச் சிறியது. இன்னொரு சிக்கல்: நேராகப் பறந்து மோத வரும் விமானம் முன்கண்ணாடியில் இடம் மாறாது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசிச் செக்கன்களில் சட்டென்று பெரிதாகும். அசைவதைக் கண் தானாகப் பிடிக்கும், அசையாத புள்ளியைத் தேடித்தான் காணவேண்டும். அதனால் முதல் வேலைக்குக் "கண்ணிற்படல்" என்ற சொல் பொருந்தாது, விமானி சும்மா இருக்கத் தானாக நடப்பது போல ஒலிக்கிறது.

அதற்குக் "கண்ணுறல்" என்று வைப்போம். கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்டால் விமானி "கண்ணுற்றேன்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்.

இரண்டாவது வேலைக்குக் "கட்புல இனங்காணல்". அடையாளங்காணல் தமிழ்நாட்டில் பழகியது, எங்கள் இலங்கைப் பாடநூல்களில் இனங்காணல்தான். இங்கே அறிய வேண்டியதும் விமானத்தின் இனத்தையே. "கட்புல" என்ற முன்சொல்லை விட்டுவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்தபடி, இரைச்சலை வைத்தே வருவது சகடையா பொம்மரா (குண்டுபோட வந்த விமானங்களுக்கு நாங்கள் வைத்த பெயர்கள்) என்று சொன்ன சனம் நாங்கள். காதாலும் இனங்காணலாம், ராடராலும் இனங்காணலாம். எதனால் என்று சொல்லாவிட்டால் சொல் அரைகுறையாகிவிடும்.

இன்னொன்று. இரவில் இடது இறக்கையின் சிவப்பு விளக்கையும் வலது இறக்கையின் பச்சை விளக்கையும் பார்த்து, எதிர் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிவதை இதற்குள் சேர்க்க வேண்டாம். அங்கே தெரிவது இனம் அல்ல, போக்கு. "போக்கறிதல்" எனக்குத் தோன்றுகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.