கல்யாண வீட்டு குரூப்புல மடக்குக் கத்திப் பேச்சு

பிரபு: 📷 போட்டோ
எல்லாரும் பாருங்க, டேக்டிகல் ஃபோல்டிங் நைஃப் ஒண்ணு வாங்கிருக்கேன், கல்யாண வேலைக்கு ஊருக்கு எடுத்துட்டு வரேன். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, வாழை இல நறுக்கன்னு எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்

அம்மா: ஏல என்னல இது கருப்பா பயமா இருக்கு. கல்யாண வீட்டுக்கு இதத்தான் கொண்டு வருவாங்களா

மதுரை அத்தை: பாக்க நல்லா கனமா இருக்கே. காய் நறுக்கலாமா பிரபு இதுல

பிரபு: நறுக்கலாம் அத்தை, செம கூர்

சித்தப்பா: பிரபு, காய்க்கு இது வேண்டாம்ப்பா. நான் குடோன்ல தெனமும் மடக்குக் கத்திதான் வெச்சிருக்கேன், அதனால சொல்றேன். உன் கத்தியோட முதுகப் பாரு, எப்படியும் மூணு மூணர மில்லி கனம் இருக்கும், வீட்டுக் காய்கறி கத்தி ஒண்ணர ரெண்டு மில்லிதான். கனமான பிளேடு கேரட்ட நறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும், பாதி எறங்குனதுமே டக்குனு ஒடஞ்சு துண்டு எங்கயாவது ஓடும். இன்னொண்ணு, மடிக்கிற எடத்துல இருக்குற திருகாணி சந்துக்குள்ள வெங்காயச் சாறு போயிரும், கழட்டாம கழுவ முடியாது, ரெண்டு நாள்ல நாத்தம் வந்துரும். கோழி கீழி வெட்டிறாத அதுல

மதுரை அத்தை: அப்ப நான் அருவாமனைய எடுத்துட்டு வந்துர்றேன். 15 கிலோ பூசணிக்கா வந்தாலும் அதுதான் தாங்கும்

சித்தப்பா: எடுத்துட்டு வாங்க மைனி. சமையல் மாஸ்டர்ட்ட அவங்க கத்தி இருக்கும், ஆனா வீட்டு சமையலுக்கு நம்ம சாமான் வேணும்

கவிதா அக்கா: டேக்டிகல்னா என்ன அர்த்தம், சாதா மடக்குக் கத்திக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்

அத்தான்: போலீஸ், ராணுவம், மீட்பு வேலைக்காரங்க இவங்கள மனசுல வெச்சு செஞ்ச மாடல். ஒத்தக் கையாலயே திறக்கலாம், திறந்ததும் லாக் ஆயிரும், பாக்கெட் ஓரத்துல மாட்டிக்கிற கிளிப் இருக்கும், வெளிச்சம் பட்டா மினுங்காம இருக்க கருப்பு பூச்சு. அந்த கிளிப்ப 1981ல ஸ்பைடர்கோ கம்பெனிதான் பிரபலமாக்குனாங்க, அதுக்கு முன்னால கத்தி பாக்கெட் அடியில சில்லறையோட கெடக்கும், தடவித்தான் எடுக்கணும். உண்மையில தெனப்படி வேலைக்கு உதவுறது அந்த கிளிப்பும் ஒத்தக் கைல திறக்குறதும்தான். ஒரு கைல பெட்டிய புடிச்சுகிட்டு மறு கையால கத்திய திறக்கலாம்ல. சில மாடல்ல பிடி நுனியில கண்ணாடி உடைக்கிற ஊசி, சீட் பெல்ட் அறுக்குற கொக்கியும் இருக்கும். கார்ல மாட்டிகிட்டா பக்கவாட்டு கண்ணாடிய அதால உடைக்கலாம், முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி, அது நொறுங்கி விழாது

பிரபு: என்னோடதுல பாதி பிளேடு ரம்பம் மாதிரி இருக்கு, அது நல்லதா சித்தப்பா

சித்தப்பா: கயிறுக்கும் சணலுக்கும் நல்லது, பல்லு கடிச்சு இழுக்கும், நைலான் கயிறு கூட வழுக்காது. ஆனா ஒரு விஷயம். பிடிக்கு பக்கத்துலதான் நம்ம கை பலம் முழுசா எறங்கும், மரம் செதுக்க குச்சி சீவ அந்த எடம்தான் வேணும், அங்க பல்லு வெச்சுட்டா அந்த வேலை ஓடாது. கூர் போனா சாதா சாணைக்கல்லுல தேய்க்கவும் முடியாது, ஒவ்வொரு பல்லுக்கும் உருட்டுக் கம்பி போட்டு ராவணும். என்னக் கேட்டா வீட்டுக்கு நேர் பிளேடு, மூணு இஞ்சு, மெல்லிசு, அது போதும். நீ வாங்கிட்ட, அத எப்படி வெச்சுக்கணும்னு மட்டும் கேட்டுக்க

சித்தப்பா: மொதல்ல லாக்க பாரு. கத்திய திறந்து பிடிக்குள்ள எட்டிப் பாத்தா ஒரு பக்கம் மெல்லிசா தகடு ஒண்ணு வளஞ்சு வந்து பிளேடோட அடிப்பக்கத்துல முட்டு குடுத்து நிக்கும். அதுதான் உன் விரல காப்பாத்துறது. அது ஓரமா லேசா தொட்டுகிட்டு நின்னா நம்பாத, நல்லா உள்ள வந்து உக்காரணும். பாக்கெட் பஞ்சு, மணல் ஏதாவது அங்க சேந்துச்சுன்னா முழுசா உக்காராது, பழைய டூத் பிரஷ்ஷால தட்டி விட்டுட்டு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ண விடு. டெஸ்ட் பண்ணணும்னா கத்திய திறந்து முதுகு பக்கத்த மரத்துல லேசா அழுத்திப் பாரு, விரல் பிளேடு மடியிற வழியில இருக்கவே கூடாது. லாக் இருக்குன்னு எதையும் குத்தாத. எங்க குடோன்ல ஒரு பையன் பெட்டிய ஓங்கி குத்துனான், லாக் வழுக்கி கத்தி அவன் விரல் மேலயே மடிஞ்சுருச்சு, நாலு தையல்

அம்மா: அய்யோ முருகா. பிரபு கேட்டுக்கல

பிரபு: கேட்டுக்கிட்டேம்மா. அப்ப பெட்டிய எப்படி பிரிக்க சித்தப்பா

சித்தப்பா: நுனிய அர சென்டிமீட்டர் மட்டும் டேப்புக்குள்ள விடு, கத்திய சாச்சு வெச்சு உன் உடம்புக்கு வெளிப்பக்கமா இழு. ஆழமா விட்டா உள்ள இருக்குற பட்டுச்சேல கிழியும், வர்றது பூரா துணிமணிதான் பாத்துக்க. டேப் பசை பிளேடுல ஒட்டி கருப்பா படியும், தேங்கா எண்ண தொட்டு துணியால துடச்சா வந்துரும். பிளாஸ்டிக் பட்டை போட்ட பெட்டியா இருந்தா முகத்த தள்ளி வெச்சுக்க, இறுக்கத்துல இருக்கும், அறுத்த உடனே சடார்னு கண்ணுக்கு பாயும். இரும்புப் பட்டைய கத்தியால தொடவே கூடாது, அதுக்கு கட்டர் இருக்கு என்ட்ட

சித்தப்பா: அரிசி மூட்டைக்கு கத்தியே வேண்டாம். வாய் தச்சிருக்குற நூல பாத்தா ஒரு பக்கம் சங்கிலி மாதிரியும் மறு பக்கம் நேர் கோடாவும் இருக்கும். நேர் கோடு உன்னப் பாத்து இருக்குற மாதிரி சாக்க திருப்பி வெச்சு, வலது ஓரத்துல வெளிய நீட்டிருக்குற நூல அறுத்து முடிச்ச விடுவிச்சு இழு, சர்ர்ருனு முழுசும் பிரிஞ்சு வாய் திறந்துரும். சாக்கும் கிழியாது, அரிசியும் கொட்டாது, அந்த சாக்க திரும்ப உபயோகிக்கலாம்

கவிதா அக்கா: இது தெரியாம நாங்க ஒவ்வொரு தடவையும் சாக்க குத்திக் கிழிக்கோம் 😄

பிரபு: பிளேடுல டி2ன்னு போட்டுருக்கு சித்தப்பா, அது நல்ல ஸ்டீலா

அத்தான்: கூர் ரொம்ப நாள் நிக்கும் மாப்ள, கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் மாதிரி இருக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல்னு மட்டும் நெனச்சுராத, நம்ம தூத்துக்குடி உப்புக் காத்துக்கு புள்ளி புள்ளியா வரும். வாழைக் கற, எலுமிச்ச, மாங்கா பட்டா உடனே கழுவி தொடச்சு ஈரமில்லாம மடி

சித்தப்பா: ஆமா. அப்புறம் சாணைக்காரர்ட்ட குடுத்துராத. தப்பா சொல்லல, அருவாளுக்கு அவர்தான் சரி, ஆனா காஞ்ச சக்கரத்துல பொறி பறக்க புடிச்சா இந்த மெல்லிசு நுனி சூடேறி நீலமாயிரும், அப்புறம் கூர் நிக்காது. ஒரு பக்கம் சொரசொரப்பு 400, மறு பக்கம் நைசு 1000ன்னு நம்பர் போட்ட சாணைக்கல்லு வாங்கு. கத்திய கூர் கீழ இருக்குற மாதிரி கல்லு மேல செங்குத்தா நிறுத்து, அதுல பாதி சாய், அதுல இன்னும் பாதி, அந்த சாய்வுதான் கணக்கு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறு பக்கம் நகத்துல தட்டுற மாதிரி மெல்லிசா பிசிறு வரும், அது வந்தப்புறம்தான் திருப்பணும். அவசரப்படாத

கவிதா அக்கா: டேய் நீ ஃபிளைட்ல வர்ற, கைப்பைல வெச்சுறாத

பிரபு: அய்யோ ஆமால்ல

அத்தான்: கேபின் பேக்ல கத்திய விட மாட்டாங்க, அங்கயே வாங்கி வெச்சுருவாங்க. மடிச்சு துணில சுத்தி செக்-இன் பெட்டில போடு. திரும்பிப் போறப்பவும் அதேதான், பேன்ட் பாக்கெட்ல மாட்டிகிட்டே ஏர்போர்ட் போயிராத

அம்மா: போலீஸ் புடிக்க மாட்டாங்களா இத வெச்சிருந்தா

அத்தான்: ஆயுத விதிகள்ல 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்குற பிளேடுதான் லைசன்ஸ் கணக்குல வரும் அத்தை, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சத அதுல சேக்கல. இது அதுல பாதி கூட இல்ல. ஆனாலும் ராத்திரி பஸ் ஸ்டாண்டுல எடுத்து திறந்து மூடி வெளையாண்டா கண்டிப்பா கூப்ட்டு கேப்பாங்க. வேலை இருக்குற எடத்துல மட்டும் வெளிய எடு மாப்ள

மதுரை அத்தை: ஆச்சி பக்கத்துல இருந்து சொல்லச் சொல்றாங்க, கத்திய யார் கைலயும் நேரா குடுக்கக் கூடாதாம், கீழ வெச்சு எடுத்துக்கிடணுமாம், சண்ட வருமாம்

சித்தப்பா: ஆச்சி சொல்றதுதான் எங்க குடோன்லயும் சட்டம். மடிச்சு மேசைல வைக்கணும், அடுத்தவன் அவனா எடுத்துக்கணும். கல்யாண வீட்டுல பத்துப் புள்ளைங்க ஓடும், திறந்த கத்திய எங்கயும் வெச்சுட்டு போகாத பிரபு, வேலை முடிஞ்ச நிமிஷம் மடிச்சு பாக்கெட்

பிரபு: சரி சித்தப்பா. கல்லு இங்கயே வாங்கிட்டு வரவா

சித்தப்பா: என்ட்ட இருக்கு, நீ வா, ஒக்காந்து தேய்க்க சொல்லித் தரேன். வாழ இலக்கு மட்டும் என் சின்ன கத்திய தரேன், உன்னோடதால அறுத்தா நரம்பு ஓரம் கிழிஞ்சு போகும்

அம்மா: இலக்கட்டு புதன்கிழம சாயங்காலம் வருது. அரிசி காலைலயே வந்துரும், மூட்டைய இறக்க ஆள் வேணும், யாராரு வாரீங்க சொல்லுங்க

பிரபு: நான் செவ்வாய் ராத்திரியே வந்துருவேம்மா, நூல நாந்தான் பிரிப்பேன்