வென்டிங் மெஷினா பொறந்தவன் கதை: ஒரே ஜோக்தானா, தொடரலாமா?

மொட்டைமாடி:
ஹாஸ்டல்ல ரூம்மேட் ஒருத்தன் "இத மட்டும் பாருடா"ன்னு ஒரு அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) போட்டான். ஹீரோ செத்து வேற உலகத்துல பொறக்கிறான். சரி, இசெகாய்னா அதானே. ஆனா இவன் பொறக்கிறது வென்டிங் மெஷினா! ஏரிக்கரைல தன்னந்தனியா நிக்கிறான். கையும் இல்ல, காலும் இல்ல, வயித்துக்குள்ள தண்ணி பாட்டிலும் கார்ன் சூப் டின்னும். முதல் எபிசோட் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. நகரவே முடியாத பெட்டிய வச்சு 12 எபிசோட் எப்படி ஓட்டுவாங்க? இதே மாதிரி எக்குத்தப்பா பொறக்கிற கதைங்க வேற இருந்தாலும் சொல்லுங்க. செமஸ்டர் இப்பதான் முடிஞ்சுது, அழ வைக்கிறது எதுவும் வேணாம்.

தயிர்சாதம்:
ஸ்லைம் பாரு ப்ரோ, செத்த ஆளு கொழகொழ ஜெல்லி உருண்டையா பொறக்கிற அனிமே. 37 வயசு ஆபீஸ்காரர் கத்திக்குத்து வாங்கிக் கீழ கிடக்கிறார். சாகிற நேரத்துல ஜூனியர் கையப் பிடிச்சுக் கேக்கிற ஒரே உதவி: "என் கம்ப்யூட்டரை பாத்டப்ல முக்கி கரண்ட் பாய்ச்சிடு, உள்ள இருக்கிறது ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது." இதுக்கு மேல ஒரு கடைசி ஆசை எவனுக்கு இருக்கும்?

ரீபில்காரன்:
தம்பி, இதுக்குப் பதில் சொல்ற தகுதி இந்த இடத்துலயே எனக்குத்தான் இருக்கு. ஒரு ஐடி பார்க்ல ஸ்நாக்ஸ் மெஷின் ரொப்புற வேலை எனக்கு. 4 வருஷம் ஆச்சு, என் பொறுப்புல 14 மெஷின். காலைல 6 மணிக்குக் கதவைத் திறந்து ஒவ்வொரு ஸ்பிரிங்லயும் பாக்கெட்டைச் சொருகணும். கொஞ்சம் சாஞ்சு சொருகினாலும் போச்சு. ஸ்பிரிங் ஒரு சுத்து சுத்தும், பாக்கெட் நுனில மாட்டிக்கிட்டுத் தொங்கும். காசு போன ஆளு கண்ணாடிய அறைவாரு. உள்ள டிஸ்ப்ளேல என்ன ஓடும் தெரியுமா? "நன்றி, மீண்டும் வருக." மெஷினுக்கு வேற சொல்லத் தெரியாதே, பாவம்.

நீ பாத்த கதையோட உயிர்நாடி அதான். மெஷினா பொறந்த ஹீரோ ஹக்கோனுக்கு மனுச மூளை இருக்கு, ஆனா வாய்ல வர்றது மெஷின்ல பதிவு பண்ணி வச்ச நாலஞ்சு வாக்கியம் மட்டும். "வாங்க வாங்க", "காசு போடுங்கள்", "அடடா, போச்சே", அவ்வளவுதான். கதைல வர்ற பொண்ணு ராமிஸு கூட ஒரு ஒப்பந்தம் வருது. "இராஷ்ஷாய்மாசே" (அந்த "வாங்க வாங்க")ன்னா ஆமா, "ஸன்னென்" (அந்த "அடடா, போச்சே")னா இல்ல. எதிர்ல பூதம் வந்து நிக்குது, இவன் கடைக்கார மரியாதையோட வரவேற்கிறான். நகர முடியாதுன்னு கேட்டியே, அவ அவன முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போறா. அவளுக்கு அசுர பலம். இங்க ஒரு மெஷின டெம்போலருந்து இறக்க நாங்க நாலு பேரு, ஒரு டிராலி, அப்புறமும் ஒருத்தனுக்கு இடுப்பு பிடிக்கும்.

இன்னொண்ணு, அவன் சும்மா நின்னாலே பாயின்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். வியாபாரம் ஆகலன்னா உயிர் போயிடும். எங்க சூப்பர்வைசர் பாத்தா கண் கலங்கிடுவாரு.

எழுதின ஹிருகுமாவுக்கு மெஷின் மேல நிஜப் பாசம்னு தெரியுது. ஹீரோ செத்ததே லாரிலருந்து சரிஞ்ச வென்டிங் மெஷினுக்கு அடில நசுங்கித்தானே! ஜப்பான்ல எல்லா வகையும் சேத்து சுமார் 40 லட்சம் மெஷின் இருக்கு, பைத்தியம் பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். சகாமிஹாரா ஊர்ல ஒரு பழைய டயர் கடை வாசல்ல 1970கள் காலத்து ஊடோன் நூடுல்ஸ் மெஷின் இன்னும் ஓடுது. வீடியோல பாத்து அசந்துட்டேன். காசு போட்டா நூடுல்ஸ் கிண்ணத்துல வெந்நீர் ஊத்தி, கிண்ணத்தையே கிறுகிறுன்னு சுத்தித் தண்ணிய வடிச்சு, மறுபடி சூப் ஊத்திக் குடுக்குது. எல்லாம் அரை நிமிஷத்துக்குள்ள. நம்ம மெஷின்ல கடலை மிட்டாய் ஒழுங்கா விழுந்தாலே எனக்கு நிம்மதி.

தொடர்ந்து பாரு. கையக் காலக் கட்டிப் போட்டிருக்கிற வரைக்கும் சிரிப்பு தீராது. ஸ்லைம்ல எனக்குக் குறையே அதான். அவர் உருண்டு திரிஞ்ச வரைக்கும் ஜோரா இருந்துச்சு. மனுச உருவம் கிடைச்சு, நாடு பிடிச்சு, மீட்டிங் மேல மீட்டிங். நான் பாக்கிற ஆபீஸ்லயே அது நிறைய நடக்குது.

தயிர்சாதம்:
அண்ணே, மீட்டிங்தான் அதுல பெஸ்ட்டு. சண்டைக்கு வர்றேன்.

கறிவேப்பிலை:
ரீபில் அண்ணா சொல்றது சரி, ஆனா கட்டிப் போடறதுக்கு உருவம்தான் மாறணும்னு இல்லை. வில்லியா பொறந்த அப்பா கதை பாத்தீங்களா? உயேயாமா மிச்சிரோவோட மங்கா (ஜப்பான் காமிக்ஸ்), 2025 ஜனவரில அனிமேவா வந்துச்சு. கென்ஸாபுரோவுக்கு 52 வயசு, அரசு ஊழியர். மக விளையாடற காதல் கேம்ல கொடுமைக்கார பணக்காரப் பொண்ணு கிரேஸா கண் முழிக்கிறார். கதைப்படி கதாநாயகி ஆன்னாவைத் திட்டணும். மனுசன் வாயத் திறந்தா பொண்ணப் பெத்த அப்பா மாதிரியே வருது. கடைசில "இவ்வளவு தூரம் படிச்சு வந்திருக்கியே"ங்கிற தோரணைல பாராட்டி முடிக்கிறார். ஆபீஸ் பழக்கத்துல குனிஞ்சு கும்பிடு போட்டா, அது தானா நளினமான பிரபு வீட்டு வணக்கமா மாறிடுது. எங்கப்பாவும் கவர்மென்ட் ஆபீஸ்தான். போன்ல பேசும்போதுகூட மேலதிகாரின்னா எழுந்து நிப்பார். அந்தக் குனியற காட்சிய மூணு தடவை ஓட்டிப் பாத்தேன்.

தனியா புலம்பற ரகம் பிடிக்கும்னா சிலந்தி கதை. ஸ்கூல் பொண்ணு குகைக்குள்ள சிலந்தியா பொறந்து, பசிக்கு விஷத் தவளையத் தின்னுட்டு ருசி சரியில்லன்னு திட்டுவா. யூகி அவோயி ஒத்த ஆளா குரல் குடுத்து எபிசோட் எபிசோடா இழுத்துட்டுப் போறாங்க. நடுவுல மனுசங்க கதை வரும்போது எழுந்து டீ போட்டுக்கோங்க.

மொட்டைமாடி:
ரீபில் அண்ணே, ரெண்டே நாள்ல முடிச்சாச்சு, 12ம். ரெண்டாவது சீசன் ஆரம்பிக்கப் போறேன், அப்புறம் அந்த 52 வயசு அப்பா. ஒரே ஒரு பிரச்சினை. ரூம்மேட் வாய்ல இப்ப ரெண்டு வார்த்தைதான் வருது. சாப்பிடலாமான்னா "இராஷ்ஷாய்மாசே". நேத்து நான் குடுத்த 200 ரூபாயத் திருப்பிக் கேட்டேன். கண்ண மூடிட்டு அசையாம நின்னுட்டு "ஸன்னென்"ங்கிறான்.

ரீபில்காரன்:
பக்கவாட்டுல லேசா ஒரு தட்டுத் தட்டு. எங்க மெஷின்ல விழும்.