மஞ்சள் தையல்சிட்டு: கைவண்ணப் படத்தை நம்பி ஓர் இனத்தின் பெயர் நிற்கலாமா?

நெடுங்காலன்

தையல்சிட்டு நம் தோட்டத்துப் பறவை. முதுகு இலைப்பச்சை, உச்சந்தலை செம்பழுப்பு, அடிப்பகுதி வெளிறிய நிறம். இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட். 1769-இல் லண்டனில் 12 படங்களோடு அவர் வெளியிட்ட 'இந்தியன் சுவாலஜி' என்ற தொகுப்பில்தான் இந்தப் பறவை முதன்முதலாக முறைப்படி பதிவானது. கூடும் பறவையுமாக ஒரு படம், கூடவே சிறு குறிப்பு. அந்தப் பறவையின் நிறம் வெளிர் மஞ்சளாம், நீளம் 3 அங்குலமாம். இரண்டுமே நம் தையல்சிட்டுக்குப் பொருந்தாது. அது குறைந்தது 4 அங்குலமாவது இருக்கும். பறவை ஒரு காய்ந்த இலையை எடுத்து வந்து பச்சை இலையோடு தைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அது செடியில் இருக்கும் பச்சை இலைகளைத்தான் தைக்கும்.

இத்தனை பிழை இருந்தும் 'ஆர்த்தோடோமஸ் சுடோரியஸ்' என்ற பெயருக்கு இன்றும் அந்தப் பதிவுதான் ஆதாரம். என் கருத்து இதுதான்: 18-ஆம் நூற்றாண்டுக் கைவண்ணப் படங்களை மட்டும் நம்பி நிற்கும் பெயர்கள் அனைத்துக்கும் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பறவையை மாற்று மாதிரியாக, அதாவது பெயருக்குப் புதிய ஆதாரமாக, அறிவித்துவிட வேண்டும். படங்கள் கலை வரலாற்றுக்குப் போகட்டும். வகைப்பாட்டில் அவற்றுக்கு வேலை இல்லை.

கம்புள்கோழி

நெடுங்காலன் அண்ணா, அடிப்படையிலேயே உங்களோடு முரண்படுகிறேன். பெயர் படத்தின் மேல் நிற்கவில்லை. சர்வதேச விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 72.5.6-ஆம் பிரிவைப் பாருங்கள். ஓர் இனம் படத்தை அடிப்படையாக வைத்து விவரிக்கப்பட்டிருந்தால், பெயரைத் தாங்கும் மாதிரி அந்தப் படத்தில் உள்ள பறவைதான், படம் அல்ல. அந்தப் பறவையின் உடல் இன்று கிடைக்காவிட்டாலும் பெயர் செல்லும். படம் அந்தப் பறவைக்குச் சாட்சி, அவ்வளவுதான். சாட்சி நிறத்தில் தடுமாறினால் பறவையே இல்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம், மாற்று மாதிரியை இப்படி மொத்தமாக அறிவிக்கவும் முடியாது. ஓர் இனத்தின் அடையாளத்தில் உண்மையான சிக்கல் இருந்தால்தான் நியமிக்கலாம், வழக்கமான பராமரிப்பு வேலையாகச் செய்யக்கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது.

அதே 1769 தொகுப்பிலிருந்து வந்த வேறு சிலரையும் பாருங்கள்: கம்புள்கோழி, பாம்புத்தாரா, சங்குவளை நாரை, தீக்காக்கை, இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயில். இரண்டரை நூற்றாண்டாக இவற்றில் எதைப் பற்றியாவது 'இது எந்தப் பறவை?' என்று யாராவது சண்டை போட்டதுண்டா? பாம்புத்தாராவின் கழுத்தையும் அலகையும் ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் வேறு எதனோடு குழப்பிக்கொள்ள முடியும்?

நெடுங்காலன்

பாம்புத்தாராவை எடுத்துக்கொள்வது எளிது. நான் சின்னப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

இலை தைப்பதை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். சாம்பல் கதிர்க்குருவியும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும், பென்னன்டின் பறவை வந்த இலங்கையில் அதுவும் உண்டு. ஆகவே கூடு மட்டும் முடிவான சான்று ஆகாது. நிறம் தவறு, அளவு தவறு, கூடு பொதுவானது என்றால் எதைப் பிடித்துக்கொள்வது?

உண்மையான சிக்கல் இருந்தால்தான் என்கிறீர்கள். இதோ ஒன்று. இலங்கையின் தாழ்நிலத் தையல்சிட்டு 'சுடோரியஸ்' என்ற மூலத் துணையினம், அதாவது இனத்தின் பெயரையே தாங்கும் பிரிவு. மலைநாட்டில் இருப்பது 'ஃபெர்னாண்டோனிஸ்', 1939-இல் பறவையியலாளர் விஸ்லர் பெயரிட்டது. நாளைக்கு டி.என்.ஏ. ஆய்வு இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தால் பழைய பெயர் எதற்குப் போகும்? பென்னன்ட் காட்டிய பறவை தாழ்நிலத்ததா, மலைநாட்டினதா? அந்த மஞ்சள் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. படம் பொய்யும் சொல்லும். பிரெஞ்சுக்காரர் லெவய்யான் ஆப்பிரிக்கப் பறவைகளைப் பற்றி 1796 முதல் வெளியிட்ட ஆடம்பரத் தொகுதிகள் எவ்வளவு புகழ்பெற்றவை என்று தெரியும்தானே? 1857-இல் சுவீடனின் சுண்டேவால் அவற்றை ஒவ்வொன்றாக அலசினார். தெற்கு ஆப்பிரிக்காவிலேயே இல்லாத பறவைகள் அங்கே பிடித்தவையாகக் காட்டப்பட்டிருந்தன. வெவ்வேறு பறவைகளின் பாகங்களை ஒட்டிச் செய்த போலிகளும் இருந்தன. படங்கள் அத்தனையும் அழகு!

பழம்பட ஆர்வலர்

நான் பழைய அச்சுப் படங்களைச் சேர்ப்பவன், பறவையியலாளன் இல்லை. ஆனாலும் இந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்தக் காலப் படம் ஒன்றும் ஒரே கையால் உருவானது அல்ல. ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் செப்புத்தகட்டில் கோடுகளாக மாற்றுவார். தகட்டிலிருந்து தாளில் இறங்குவது கறுப்புக் கோடு மட்டும்தான். நிறம் அதற்குப் பிறகு, ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் தூரிகையால் போடப்படும். வண்ணம் தீட்டுபவர்களுக்கு முன்னால் பறவை இருக்காது, வழிகாட்டியாக ஒரு மாதிரித் தாள்தான் இருக்கும். பெரிய பணிகளில் ஒருவர் தலைக்கு, இன்னொருவர் இறகுக்கு என்று பிரித்துக்கொண்டு வரிசையாகத் தீட்டுவார்கள். ஆகவே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்தால் நிறம் ஒத்துப்போகாது. கோடு ஒத்துப்போகும். என்னைப் போன்றவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே அதைத்தான்: கோட்டை நம்பு, வண்ணத்தைச் சந்தேகி.

நிறம் வயதாகியும் மாறும். ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துப்போகும். வெள்ளை மார்புப் பறவைக்குக் கரிய திட்டுகள் முளைத்த பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். தாவரப் பிசினிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் மங்கும். அந்த மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை தீட்டியிருந்தால், காலப்போக்கில் அது நீலமாகத் தெரியும்.

இப்படி மங்கும்போது பச்சை நீலத்தை நோக்கித்தான் போகும், மஞ்சளை நோக்கிப் போகாது. மேலும் 'வெளிர் மஞ்சள்' என்று பென்னன்டின் உரையே சொல்கிறது. உரை மங்காது. ஆகவே இந்தப் பிழை தாளுக்கு வயதானதால் வந்ததல்ல. 1769-இலேயே பென்னன்டின் கையில் இருந்த தகவல் தவறு. இதில் வண்ணம் தீட்டியவர்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

மன்னார்க் கரையான்

இங்கே ஒருவரின் பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்தவர் யோவான் கிடியோன் லோட்டன். 'லோட்டன் தேன்சிட்டு' அவர் பெயரால் வந்ததுதான். அவருக்காகப் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தவர் பீட்டர் கொர்னெலிஸ் டி பெவேர். இலங்கையிலேயே பிறந்தவர், கலப்பு வம்சாவளியினர், நில அளவைப் பணியில் இருந்தவர். லோட்டன் அந்த ஓவியங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். லண்டனில் சிட்னி பார்க்கின்சன் அவற்றில் பலவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார். கேப்டன் குக்கின் 'எண்டவர்' கப்பலில் ஓவியராகப் போய் 1771-இல் கடலிலேயே இறந்துபோன அதே பார்க்கின்சன்தான். பென்னன்ட் தொகுப்புக்கும், 1776-இல் பீட்டர் பிரவுன் 50 படங்களோடு வெளியிட்ட நூலுக்கும் லோட்டனின் சேகரிப்பு பெரிய ஊற்றாக இருந்தது. பிரவுன் லத்தீன் பெயர் வைக்கவில்லை. பின்னால் 1788-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் பிரவுனின் விவரிப்பை வைத்துக்கொண்டு குக்குறுவானுக்கு 'செய்லானிகஸ்' என்று பெயரிட்டார். பென்னன்ட் பெயரும் க்மெலின் பெயரும் நூல்களில் நிற்கின்றன. பறவையைப் பார்த்து வரைந்தவரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

லோட்டன் சேகரிப்பின் ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்கிறவர்கள் முதலில் எந்தப் படத்தைச் சொல்கிறார்கள்? பிரதியின் பிரதியையா, மூலத்தையா?

நெடுங்காலன் கேட்ட தாழ்நிலமா மலைநாடா என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. லோட்டன் காலத்தில் ஒல்லாந்தர் கையில் இருந்தது கரையோரம் மட்டும். மலைநாடு கண்டி அரசனுடையது. ஆளுநரின் ஆட்கள் தினமும் பார்த்த தையல்சிட்டு கரையோரத் தோட்டங்களில் இருந்ததுதானே?

கம்புள்கோழி

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், உங்கள் அளவுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்காது, நன்றி. வகைப்பாட்டில் படத்துக்கு வேலை இல்லை என்றார் அண்ணா. படம் எங்கிருந்து வந்தது, யார் வரைந்தார், அவர் எங்கே வாழ்ந்தார் என்று கேட்கும்போதே பறவையின் இடம் தெரியவருகிறது.

கல்கத்தாவிலும் இதேபோல நடந்திருக்கிறது. அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவரின் மனைவி இம்பே சீமாட்டி 1777 முதல் பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரைக்கொண்டு வரைவித்த பறவைகள் பல, அவர் தோட்டத்தில் வளர்ந்த உயிருள்ள பறவைகள். பின்னாளில் ஆங்கிலேயப் பறவையியலாளர் லேதம் அந்த ஓவியங்களைப் பார்த்துச் சில இனங்களை விவரித்தார். பஞ்சடைத்த, கண் குழிந்த, நிறம் வெளுத்த உடலைவிட அந்த ஓவியங்கள் பல விஷயங்களில் கூடுதலாகச் சொல்கின்றன. செத்த பறவையின் கால் நிறமும் கண்ணின் நிறமும் சில நாட்களிலேயே போய்விடும் என்பது அருங்காட்சியகத் தட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நெடுங்காலன்

மன்னார்க் கரையான் சொன்ன வரலாறு அருமை. டி பெவேரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது தரும் விடை நிகழக்கூடியது எது என்பதைத்தான் சொல்கிறது, நிகழ்ந்ததை நிரூபிக்கவில்லை. கண்டியிலிருந்து கரைக்குப் பொருள்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கூண்டுப் பறவை ஒன்று வந்திருக்க முடியாதா? பென்னன்டின் அந்தக் குறிப்பிட்ட பறவை லோட்டன் வழியாகத்தான் வந்தது என்பதற்கே எழுத்துச் சான்று வேண்டும்.

உடல் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதிய உதாரணம் தருகிறேன். சோமாலியாவில் 1988-இல் கிடைத்த ஒரு புதர்க்கீச்சானை, கொல்லாமல், இறகும் இரத்தமும் மட்டும் எடுத்து 1991-இல் புதிய இனமாக விவரித்தார்கள். பறவையை உயிரோடு விட்டுவிட்டார்கள். 2008-இல் டி.என்.ஏ.வை மறுபடி அலசியபோது அது ஏற்கெனவே தெரிந்த இனம் ஒன்றின் நிற வேறுபாடு என்று ஆனது. நிறம் ஏமாற்றும்.

கம்புள்கோழி

அண்ணா, அந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது! தவறைத் திருத்த உதவியது அன்று எடுத்து வைத்த அந்தச் சிறு சான்றுதானே? உடல் இல்லாமலேயே திருத்த முடிந்தது. அதேபோல 2006-இல் அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் ரமணா ஆத்ரேயா புகுன் லியோசிக்லா என்ற புதிய பறவையினத்தை விவரித்தபோது ஒரு பறவையைக்கூடக் கொல்லவில்லை. அப்போது தெரிந்திருந்தவை வெறும் 14 பறவைகள். படங்களும் உதிர்ந்த இறகுகளும் போதுமானதாக இருந்தன. அந்த இனம் இன்றும் செல்லுபடியாகிறது. படத்தை ஒதுக்கிவிடுங்கள் என்ற உங்கள் விதியை அன்று கடைப்பிடித்திருந்தால் ஒன்றைச் சுட்டிருக்க வேண்டும்.

பழம்பட ஆர்வலர்

வண்ணத்தைச் சந்தேகி என்று சொன்னேன். அதற்கு எதிராக ஒன்றையும் நானே வைக்க வேண்டும், இல்லையென்றால் பாதி உண்மை ஆகிவிடும். ஆஸ்திரேலியாவுக்கு அருகே லார்ட் ஹோவ் தீவில் வெள்ளைத் தாழைக்கோழி ஒன்று இருந்தது. மாலுமிகள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு தோல்கள், ஒன்று வியன்னாவில், மற்றது லிவர்பூலில். ஆனால் 1788-ஐ ஒட்டி அங்கே போன கப்பல்களில் இருந்தவர்கள் வரைந்த படங்களில் வெள்ளை, நீலம், இரண்டும் கலந்தவை என்று பலவிதமாக இருக்கின்றன. வெகுகாலம் இதை வெளிறல் குறைபாடு என்றும் வேறு எப்படியெல்லாமோ விளக்கினார்கள். 2016-இல் இரண்டு ஆய்வாளர்கள் தோல்களையும் அந்தப் படங்களையும் சேர்த்துப் பார்த்து, இந்தப் பறவை நீலமாக வளர்ந்து வயதாக ஆக வெள்ளையாக மாறியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். தோல் மட்டும் இருந்திருந்தால் அந்த வரிசை தெரிந்திருக்குமா?

நெடுங்காலன்

தோலும் படமும் சேர்ந்திருந்ததால்தான் தெரிந்தது. நான் கேட்பதும் அதைத்தான். சரி, மொத்தமாக எல்லாப் பெயர்களுக்கும் என்பதை விட்டுவிடுகிறேன், விதித்தொகுப்பும் அதற்கு இடம் தராது. ஆனால் ஓர் இனத்தைப் பிரிக்கப்போகிறார்கள் என்றால், பழைய பெயர் எந்தப் பாதிக்கு என்று தீர்மானிப்பதற்கு முன்பு மாற்று மாதிரி நியமிக்க வேண்டும். அந்த மாதிரியின் இடமும் உடலும் டி.என்.ஏ.வும் பதிவாகியிருக்க வேண்டும். தையல்சிட்டுக்கு இலங்கைத் தாழ்நிலத்துப் பறவை ஒன்று.

கம்புள்கோழி

பிரிக்கும்போது மட்டும், அதுவும் லோட்டன் ஓவியங்களைப் பார்த்த பிறகு என்றால் எனக்கு மறுப்பில்லை. எந்த ஓவியத்தையும் பார்க்காமல் நேராக அருங்காட்சியகத் தட்டிலிருந்து ஒரு தோலை எடுத்து நீட்டினால் அங்கே மறுபடி வாதாடுவேன்.

மன்னார்க் கரையான்

அப்படி ஒரு கட்டுரை வரும்போது டி பெவேரின் பெயர் அடிக்குறிப்பில் இல்லாமல் உரையிலேயே வரட்டும். லண்டனில் இருக்கும் அந்தத் தொகுப்பில் தையல்சிட்டுக்கு மூல ஓவியம் உண்டா என்று இங்கே யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.