பெரியம்மா கேட்பதற்கு பைபிள் சங்கீதம் வேண்டும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மியான்மரில் யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். மாண்டலேயில் இருக்கும் எங்கள் பெரியம்மா 2025 மார்ச் 28 பூகம்பத்துக்கு அப்புறம் வீட்டுக்குள் படுக்கவே பயப்படுகிறார், மின்விசிறி லேசாக ஆடினாலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறார். 7.7 அளவு என்றால் சும்மாவா.

தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. 1960களில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு வளர்ந்த நம் ஆட்கள் பலருக்கும் இதே கதைதான். அதனால் நிறுத்தி நிதானமாக வாசித்த சங்கீதங்கள் ஒலிப்பதிவாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், வைபர் செயலியில் போகிற அளவுக்குச் சின்னதாக. அங்கே கரண்ட் வருவதே பெரிய விஷயம்.

46ஆம் சங்கீதம் மட்டும் வேண்டாம். ஆபத்தில் துணை என்றுதான் தொடங்குகிறது, ஆனால் அடுத்த வசனத்திலேயே பூமி நிலைமாறுகிறது, மலைகள் கடலில் சாய்கின்றன. அதைக் கேட்டதும் பெரியம்மா கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்! 62இன் கடைசி இரண்டு வசனங்கள் சரியாக இருக்கும், அங்கே வல்லமையும் கிருபையும் சேர்ந்தே வருகின்றன. வல்லமை மட்டும் என்றால் பயம்தானே வரும். காக்கிறவர் உறங்குவதில்லை என்கிற 121, பைபிளில் ரோமர் நிருபம் 8ஆம் அதிகாரத்தின் முடிவு, இவையும் கிடைத்தால் நல்லது.

பின்னணி இசை, பிரசங்கம் வேண்டாம். அக்காமார் யாராவது வாசித்தால் இன்னும் நல்லது, பெண் குரல் என்றால் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்.